ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு நாள் பயணம்: பீசா, லூக்கா, சியெனா, அரெட்சோ, எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

ஊர்சுற்றிப் பாவை

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் குடும்பத்துடன் ஃப்ளோரன்ஸ் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், என் மாமியார். முதல் வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து அடுத்த வெள்ளி காலை கிளம்புகிறோம். அறை சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். கார் வாடகைக்கு எடுப்பதாக இல்லை. மூன்று நாள்களை வெளியூருக்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறோம்.

கணவருக்குச் சின்க்வே தெர்ரே என்ற ஐந்து கடலோர ஊர்களைப் பார்த்தே ஆக வேண்டும். மகனுக்குச் சாய்ந்த கோபுரத்தில் ஏற வேண்டும். எனக்குச் சியெனா. மாமியார், "எங்கே வேண்டுமானாலும் வருகிறேன், படி மட்டும் ஏறச் சொல்லாதீர்கள்" என்கிறார். முழங்கால் வலி. மெதுவாக நடந்தால் அரை மணி நேரம் தாங்கும். வெனிஸையே ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லிக் குழப்பிவிட்டார். நாங்கள் சைவம், மாமியார் முட்டையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

எதை வைப்பது, எதை வெட்டுவது?

தண்டவாளம்

வாருங்கள் பாவை. முதலில் ஒன்று. ரயில் எத்தனை நிமிடத்தில் போகிறது என்ற கணக்கை ஓரமாக வையுங்கள். உங்கள் குழுவுக்கு முக்கியம், ரயிலை விட்டு இறங்கிய பிறகு ஊர் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதுதான். ஃப்ளோரன்ஸ் இருக்கும் தஸ்கனி வட்டாரத்தின் பழைய ஊர்கள் பெரும்பாலும் குன்றின் மேல். ரயில் போவது பள்ளத்தாக்கில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஏற்றத்தைப் பயணச் செயலிகள் சொல்வதில்லை.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால்:

லூக்கா. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கோட்டைச் சுவர். ஊர் முழுவதும் சமதளம். ரயில் ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிடம்.

பீசா. இதுவும் சமதளம். ரயில் ஒரு மணி நேரம். ஆனால் மைய நிலையத்திலிருந்து கோபுரத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. அதைக் குறைக்க ஒரு வழி உண்டு, பிறகு சொல்கிறேன்.

பிஸ்தோயா. முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. சமதளம். யாரும் போவதில்லை என்பதே அதன் சிறப்பு.

அரெட்சோ. ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை, ரயிலைப் பொறுத்து. மென்மையான ஏற்றம். மேலே போகப் போகச் செங்குத்தாகும். ஆனால் பார்க்க வேண்டிய முதல் இடம் பாதி வழியிலேயே வந்துவிடும்.

சியெனா. நிலையம் அடிவாரத்தில். ஊர் மேலே. இதற்கு ரயில் வேண்டாம், பேருந்தில் போங்கள்.

சின்க்வே தெர்ரே. உங்கள் மாமியார் வரும் நாளில் வேண்டவே வேண்டாம்.

வெனிஸ். அதிவேக ரயிலில் போக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், வர இன்னொரு இரண்டு மணி. அங்கே ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு. அலுவலக நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

கருங்குயில்

தண்டவாளம் சார் சொன்னதில் பாதி சரி. ஆனால் பீசாவுக்கு ஒரு நாள் எதற்கு? கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பது போல் ஒரு படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். மீதி நேரம் பொம்மைக் கோபுரம் விற்பவர்களிடமிருந்து தப்பிப்பதில் போய்விடும். பையனுக்காக வேண்டுமானால் போங்கள்.

வைகைக்கரை

கருங்குயில், அந்தப் படம் எடுக்கும் புல்வெளியைத் தாண்டி உள்ளே போனவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். கோபுரம் நிற்கும் அதே வளாகத்தில் வட்ட வடிவ ஞானஸ்நான மண்டபம் இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை காவலர் ஒருவர் நடுவில் நின்று சில சுரங்களைப் பாடுகிறார். எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சுரத்தைத் தொடுவதால் ஒரே ஆள் பல குரலில் பாடுவது போல் கேட்கும். அதற்குப் பின்னால் கம்போசாந்தோ என்ற பழைய கல்லறை முற்றம். 1944 ஜூலையில் குண்டு விழுந்து கூரை பற்றி எரிந்தது. ஈயம் உருகிச் சுவரோவியங்களின் மேல் வழிந்தது. மிஞ்சியதைப் பெயர்த்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பழுதுபார்த்தார்கள். 'மரணத்தின் வெற்றி' என்ற பெரிய ஓவியம் 2018இல்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது. வளாகத்தில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர்கூட அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. உள்ளே அமைதி.

கோபுரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1173இல் கட்டத் தொடங்கி, மூன்றாம் தளத்திலேயே சாய ஆரம்பித்த கட்டடம். 1990இல் மூடிவிட்டார்கள். சாயாத பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியெடுத்து, அதைச் சற்றே நிமிர வைத்து, 2001 டிசம்பரில் திறந்தார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு இந்தக் கதையை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போனால் ஏறும்போது கால்களே பாடம் நடத்தும்: ஒரு சுற்றில் சுவரை நோக்கித் தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற விடுவதில்லை. உங்கள் மகன் தப்பித்தான். நேரம் குறித்த டிக்கெட், முன்பே வாங்கிவிடுங்கள். பைகளைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

தண்டவாளம்

வைகைக்கரை சொன்னதற்கு மேல் பீசாவுக்கு வக்காலத்துத் தேவையில்லை. ஆனால் கருங்குயில் சொல்வதிலும் நியாயம் உண்டு: முழு நாள் வேண்டாம், அரை நாள். மற்ற அரை நாளை லூக்காவுக்குக் கொடுங்கள்.

நான் பிறகு சொல்கிறேன் என்ற வழி இதுதான். ஃப்ளோரன்ஸிலிருந்து லூக்காவுக்கு ரயில் பிராத்தோ, பிஸ்தோயா, மொந்தேகத்தீனி வழியாகப் போகிறது. பீசாவுக்குப் போகும் ரயில் வேறு பாதை, எம்போலி வழியாக. லூக்காவுக்கும் பீசாவுக்கும் நடுவே அரை மணி நேர ரயில். ஆக மூன்று பக்கமும் மூன்று தனிப் பாதை. போன வழியில் திரும்ப வேண்டியதில்லை. லூக்காவிலிருந்து பீசா போகும் ரயில் மைய நிலையத்துக்கு முன்பாகவே பீசா சான் ரொஸ்ஸோரே என்ற சிறிய நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கினால் கோபுரம் பத்து நிமிட நடைக்குள். மாமியாருக்கு மிச்சமாவது முழுக் கால் மணி நேர நடை.

அதனால் திசை முக்கியம். காலையில் லூக்கா, பிற்பகலில் பீசா. மாற்றிச் செய்தால் இந்த வசதி இருக்கிறது என்பதையே பலர் கவனிக்காமல் மைய நிலையத்தில் போய் இறங்குவார்கள்.

மாலையில் கால்கள் அனுமதித்தால் கோபுரத்திலிருந்து ஊரின் ஊடாக மைய நிலையத்துக்கு நடந்து வாருங்கள், அல்லது நகரப் பேருந்தில் வாருங்கள். நிலையத்துக்கு அருகே ஒரு தேவாலயத்தின் பின்சுவர் முழுவதும் அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங் 1989இல் வரைந்த வண்ண மனிதர்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் இறந்துவிட்டார். பையனுக்குக் கோபுரத்தைவிட அது பிடித்தாலும் வியப்பில்லை.

ஊர்சுற்றிப் பாவை

இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. ஆனால் லூக்காவில் அரை நாள் என்ன செய்வது? பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

நிழல்மரம்

அக்கா, லூக்காவில் "பார்க்க வேண்டிய இடங்கள்" பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள். அந்த ஊரின் பெரிய பொருளே கோட்டைச் சுவர். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் கட்டியது. நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல் சுற்றளவு. மேல்புறம் அகலமான சாலை போல இருக்கும், இரண்டு பக்கமும் மரங்கள். போருக்காகக் கட்டிய சுவர் கடைசியில் பூங்காவாகிவிட்டது. அதன் மேல் சைக்கிள் ஓட்டலாம். நான்கு பேர் உட்கார்ந்து மிதிக்கும் வண்டியும் வாடகைக்குக் கிடைக்கிறது; மாமியாரை நடுவில் உட்கார வைத்து நீங்கள் மிதிக்கலாம்.

சுவருக்கு ஏறும் சரிவுகளில் படி இல்லாதவையும் உண்டு. நிலையத்தை ஒட்டிய குறுக்கு வழி மட்டும் படிக்கட்டு. சற்றுச் சுற்றிக்கொண்டு நகர வாயில் வழியாகப் போங்கள்.

உள்ளே ஒரு நீள்வட்டச் சதுக்கம் இருக்கிறது. ரோமானியர் காலத்து அரங்கின் அடித்தளத்தின் மேலேயே வீடுகளைக் கட்டியதால் அரங்கின் வடிவம் அப்படியே நின்றுவிட்டது. உச்சியில் மரங்கள் வளர்ந்து நிற்கும் குயினிஜி கோபுரத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். கணவரும் பையனும் போகட்டும். நீங்களும் மாமியாரும் பேராலயத்தில் இலாரியா தெல் கார்ரெத்தோவின் பளிங்குக் கல்லறையைப் பாருங்கள். யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சா செதுக்கியது. உறங்குவது போலக் கிடக்கிறாள், காலடியில் ஒரு நாய்.

அக்டோபர் கடைசியில் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. அப்போது லூக்காவில் காமிக்ஸ் திருவிழா. ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. பாவை அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மிலானோவாசி

டிக்கெட் விஷயத்தை யாரும் தொடவில்லையே. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன், விருந்தினர் எல்லோரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

இங்கே ரயில் இரண்டு வகை. அதிவேக ரயில்களில் டிக்கெட் விலை விமானம் போல ஏறி இறங்கும். முன்பே வாங்கினால் மலிவு. இருக்கை எண் உண்டு. அந்த ரயிலில் மட்டுமே செல்லும். வட்டார ரயில்களில் விலை நிலையானது. இரண்டு மாதம் முன்பு வாங்கினாலும் இரண்டு நிமிடம் முன்பு வாங்கினாலும் ஒன்றுதான். இருக்கை எண் கிடையாது. இந்த இழையில் பேசும் ஊர்களுக்கெல்லாம் வட்டார ரயில் போதும். பீசாவுக்கு ஒருவருக்கு ஒரு வழி ஏறக்குறைய பத்து யூரோ. நான்கு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பாதிக் கட்டணம்.

வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டாகவே இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம். "நான் வெளிநாட்டவன், தெரியாது" என்பதை அவர்கள் காலையிலிருந்து பலமுறை கேட்டிருப்பார்கள். கைப்பேசிச் செயலியில் வாங்கினால் இந்த முத்திரை வேண்டாம். செயலி என்ன கேட்கிறதோ அதை ஏறுவதற்கு முன்பே செய்து முடித்துவிடுங்கள்.

இயந்திரத்தில் டிக்கெட் எடுக்கும்போது உதவ யாராவது தாமாக முன்வந்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுங்கள்.

வேலைநிறுத்தம். இது வந்தால் வரும், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓரளவு ஓடியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நேரத்துக்குள் போய் வரும்படி மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அன்றைக்கு ஃப்ளோரன்ஸிலேயே இருந்துவிடலாம். கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் வாரத்தில் வரும் ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு அரசு அருங்காட்சியகங்களில் இலவச அனுமதி. உஃபீட்சி வாசலில் வரிசை எப்படி இருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். திங்கள்கிழமை உஃபீட்சியும் அக்கதேமியாவும் விடுமுறை. ஆகவே ஞாயிறும் திங்களும் வெளியூர். செவ்வாய் முதல் ஊருக்குள். இது தானாகவே அமைகிறது.

ஊர்சுற்றிப் பாவையின் கணவர்

மனைவியின் அனுமதியோடு நானும் பதிவு செய்துகொண்டேன். எல்லோரும் சேர்ந்து சின்க்வே தெர்ரேயை ஒரே வரியில் வெட்டிவிட்டீர்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் அங்கே இருக்கலாமே? இரவு திரும்பினால் பத்து மணி நேரம் கையில் இருக்கிறது.

வைகைக்கரை

வாருங்கள் சார். தனியாகப் போவதானால் ஒரு சொல்கூடத் தடுத்திருக்க மாட்டேன். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. பீசாவிலோ லா ஸ்பெட்சியாவிலோ மாற வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் ஐந்து ஊர்களுக்கும் நடுவே போய்வருவது ரயிலில்தான், அதுவும் பெரும்பகுதி சுரங்கத்துக்குள். நடைமேடைகள் குறுகல், அக்டோபர் தொடக்கத்தில் கூட்டம் குறைவதும் இல்லை. கொர்னீலியா நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற முந்நூற்று எண்பது படிகளுக்கு மேல். மற்ற நான்கும் கடலோரத்தில் இருந்தாலும் ஊருக்குள் தெரு என்பதே பாதி படிக்கட்டுதான்.

அங்கே போவதன் பொருளே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் திராட்சைத் தோட்டங்கள் வழியாக நடப்பதும், மாலையில் கூட்டம் வடிந்த பிறகு கடலோரத்தில் உட்கார்ந்திருப்பதும். ஒரு நாள் பயணத்தில் இந்த இரண்டுமே கிடைக்காது. லெவாந்தோவிலோ லா ஸ்பெட்சியாவிலோ ஒரு இரவு தங்கும் பயணமாக வேறொரு முறை வாருங்கள். நிலச்சரிவால் 2012இல் மூடிய 'காதல் பாதை' 2024இல் திறந்துவிட்டது. அது எங்கும் ஓடிப்போகாது.

கருங்குயில்

நான் இதை மறுக்கிறேன். ஒரே நாளில் போய்வந்தேன், நன்றாகவே இருந்தது. ஐந்து ஊரையும் பார்க்க ஆசைப்படாமல் வெர்னாத்சாவையும் மனரோலாவையும் மட்டும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "இன்னொரு முறை வாருங்கள்" என்று சொல்வது எளிது. விசாவும் விமான டிக்கெட்டும் எடுத்து இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு இன்னொரு முறை என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

தண்டவாளம்

அது நியாயமான பேச்சு. அப்படியென்றால் கணவர் மட்டும் ஒரு நாள் தனியாகப் போகட்டும். குடும்பமாகப் போனால் யாராவது ஒருவர் கடலோரக் கல்லில் நாள் முழுவதும் கைப்பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஊர்சுற்றிப் பாவை

அது நானாகத்தான் இருப்பேன். சரி, சியெனாவுக்கு வாருங்கள். எல்லோரும் ரயில் என்று பேசிவிட்டு இதற்கு மட்டும் ஏன் பேருந்து?

தண்டவாளம்

ரயில் பித்தனான நானே இதைச் சொல்கிறேன் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. எம்போலிக்கு அப்பால் சியெனா பாதை மின்மயமாகாத பாதை, டீசல் ரயில், இடையிடையே ஒற்றைத் தண்டவாளம். ஒன்றரை மணி நேரம். போய் இறங்கினால் ஊர் தலைக்கு மேல். எதிரே இருக்கும் வணிக வளாகத்துக்குள் நுழைந்து, ஒன்றன்பின் ஒன்றாக நகரும் படிக்கட்டுகளில் ஏறி, அதன் பிறகும் சதுக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும்.

பேருந்து ஃப்ளோரன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து கிளம்புகிறது. 131 என்ற எண், அதில் விரைவு வண்டியாகப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். சியெனாவில் மேட்டிலேயே, பியாட்சா கிராம்ஷி பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து சதுக்கம் பத்து நிமிட நடை, இறக்கம். அருகிலேயே டாக்சி கிடைக்கும். மாமியாரைப் பேராலயம் வரை அதில் கூட்டிப்போய்விடுங்கள். இருக்கை முன்பதிவு கிடையாது. அதனால் காலையில் சற்று முன்னதாகப் போய் வரிசையில் நில்லுங்கள்.

நிழல்மரம்

ரயிலுக்காக ஒரு சொல். அந்த டீசல் பாதையில் செர்த்தால்தோ என்று ஒரு ஊர் வரும். எழுத்தாளர் பொக்காச்சோ வாழ்ந்து 1375இல் இறந்த ஊர். புது ஊர் கீழே, செங்கல் நிறத்தில் பழைய ஊர் மேலே. நடுவே கயிற்றில் இழுக்கும் சிறு ரயில் பெட்டி ஓடுகிறது. படியே இல்லை! கூட்டம் பிடிக்காதவர்களுக்கு நான் சியெனாவைவிட இதைத்தான் சொல்வேன்.

வைகைக்கரை

அக்டோபர் முதல் வாரத்தில் மட்டும் சொல்லாதீர்கள் நிழல்மரம். சியெனா பேராலயத்தின் தரையில் பளிங்கில் பதித்த ஐம்பதுக்கும் மேற்பட்ட சித்திரங்கள் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி அவற்றை மூடி வைத்திருப்பார்கள். வழக்கமாக ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை பெரும்பகுதியும் திறந்திருக்கும். பாவை போகும் வாரம் அதற்குள் வருகிறது. அண்ணாந்து பார்த்தே பழகிய நமக்கு, குனிந்து பார்க்க வைக்கும் தேவாலயம்.

அதை ஒட்டியே முடியாமல் நின்றுபோன ஒரு பெரிய சுவரும் இருக்கிறது. இப்போதுள்ள பேராலயத்தை வெறும் குறுக்குக் கூடமாக்கிவிடும் அளவுக்குப் பெரிய கோவில் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்து ஊரில் ஆளே மிஞ்சவில்லை. வேலை நின்றது. அதன் மேல் ஏறலாம். உங்கள் வீட்டு ஆண்கள் மட்டும். நகர மாளிகையில் அம்புரோஜோ லொரென்சேத்தி 1338–39இல் வரைந்த நல்லாட்சியும் கொடுங்கோலும் இருக்கின்றன. நல்லாட்சி ஓவியத்தில் ஊரில் கடைகள் திறந்திருக்கின்றன, பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள், கூரை மேல் கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள். வெளியே வந்து சதுக்கத்தைப் பார்த்தால் அதே ஊர்.

பச்சைமிளகாய்

சாப்பாட்டுக்கு நான். தஸ்கனியில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சில இடங்களில் விழிப்பு வேண்டும்.

பாப்பா அல் பொமொதோரோ: பழைய ரொட்டியும் தக்காளியும் துளசி வகை இலையும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து மசித்தது. மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும். ரிபொல்லீத்தா: வெள்ளை அவரை, கருங்கீரை, ரொட்டி. இரண்டிலும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது; கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் வழக்கமே அதுதான்.

பீசாவில் செச்சீனா கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு. அகலமான தட்டில் ஊற்றிச் சூளையில் சுட்டது. நம் வீட்டு அடைக்குத் தூரத்து உறவு. முட்டை இல்லை.

சியெனாவில் பீச்சி என்ற தடித்த பாஸ்தா. பெரும்பாலும் மாவும் தண்ணீரும் மட்டும், ஆனாலும் முட்டை உண்டா என்று கேளுங்கள். மற்ற ஊர்களில் "புதிய பாஸ்தா" என்றால் முட்டை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த பாஸ்தாவில் இல்லை.

பார்மெசான் பாலாடைக்கட்டி செய்யக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். அதில் கண்டிப்பானவர்கள் மேலே தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

அக்டோபரில் கஸ்தஞ்ஞாச்சோ வந்துவிடும். கஷ்கொட்டை மாவில் செய்த கேக். ஆலிவ் எண்ணெய், உலர்திராட்சை, ரோஸ்மேரி இலை. முட்டையும் இல்லை, பாலும் இல்லை, பல இடங்களில் சர்க்கரையும் இல்லை. முதல் வாயில் பிடிக்காது.

மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள். அதனால் லூக்காவிலேயே சாப்பிட்டுவிட்டுப் பீசாவுக்கு ரயில் ஏறுங்கள்.

தண்டவாளம்

கஷ்கொட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃப்ளோரன்ஸிலிருந்து மலை வழியாக ஃபாயென்சா போகும் பழைய பாதையில் மராடி என்ற சிற்றூரில் அக்டோபர் ஞாயிறுகளில் கஷ்கொட்டைத் திருவிழா நடக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், டீசல் ரயில், இரண்டு பக்கமும் மலைக்காடு. மழைக்குப் பிறகு மண்சரிவால் அந்தப் பாதை அவ்வப்போது நின்றுவிடும், அப்போது பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். அதனால் உங்களுக்குச் சொல்லவில்லை; ரயிலுக்காகவே வரும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

அவர்களுக்கே இன்னொன்று. போலோன்யாவுக்கு அதிவேக ரயில் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடும். வேகம்தான், ஆனால் 2009இல் திறந்த அந்தப் பாதையின் எழுபத்தெட்டு கிலோமீட்டரில் எழுபத்து மூன்று சுரங்கம். ஜன்னலில் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள். பிஸ்தோயாவிலிருந்து பொர்ரேத்தா வழியாகப் போகும் 1864ஆம் ஆண்டுப் பாதையோ மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. நாள் முழுவதும் கையில் இருந்தால் அதுதான் பயணம்.

மிலானோவாசி

தண்டவாளம், இழை உங்கள் பெயருக்கேற்ற திசையில் ஓடுகிறது. பாவையின் ஞாயிறுக்குத் திரும்புவோம். என் வாக்கு அரெட்சோவுக்கு. மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் ஊர் முழுவதும் பழம்பொருள் சந்தை. 1968 முதல் நடக்கிறது. பழைய பூட்டு, மேசை விளக்கு, தேவாலயத்து மரச்சிற்பம், யாரோ ஒருவரின் திருமணப் புகைப்படம், எல்லாம் தெருவில். வாங்க வேண்டும் என்று இல்லை.

அங்கே சான் ஃப்ரான்செஸ்கோ தேவாலயத்தில் பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்கா வரைந்த திருச்சிலுவைக் கதை. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஏற்றம் தெரியாது. நேரம் குறித்த டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலை வழிபாடு இருக்கும் என்பதால் பிற்பகலுக்கு வையுங்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூடாரத்தில் உறங்கும் காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். இரவின் இருளில் மேலிருந்து இறங்கும் ஒளியை 1450–60களில் ஒருவர் இப்படி வரைந்திருக்கிறார்.

பெரிய சதுக்கம் மட்டும் சரிவாக இருக்கும். ஒரு பக்கம் முழுவதும் வசாரி வடிவமைத்த வளைவுக் கூடம். உஃபீட்சியைக் கட்டிய அதே வசாரி, இந்த ஊர்க்காரர். மாமியாரை அந்த வளைவுகளின் கீழ் காப்பிக் கடையில் உட்கார வைத்தால் சந்தை முழுவதும் கண்முன்னே.

ஊர்சுற்றிப் பாவை

எல்லோரும் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்தேன். ஞாயிறு அரெட்சோ. திங்கள் லூக்கா, பிற்பகல் பீசா. வியாழன் பேருந்தில் சியெனா. புதன்கிழமை கணவர் விடியற்காலையில் சின்க்வே தெர்ரேவுக்குத் தனியாகக் கிளம்புகிறார். நாங்கள் மூவரும் அன்று பிஸ்தோயாவில் அரை நாள். யாரும் போவதில்லை என்று நீங்கள் எழுதியதைக் கேட்டதும் மாமியார் அந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார். அங்கே என்ன இருக்கிறது?

தண்டவாளம்

புதன் நல்ல தேர்வு, அன்றைக்குச் சந்தை நாள். பேராலயச் சதுக்கம் முழுவதும் கடைகள். சந்தை மதியத்தோடு முடிந்துவிடும், அதனால் ஒன்பதரைக்குள் போய்ச் சேருங்கள். பழைய மருத்துவமனை ஒன்றின் முகப்பில் மெருகேற்றிய சுடுமண் சிற்ப வரிசை நீளமாக ஓடுகிறது: பசித்தவருக்கு உணவு, நோயாளிக்கு மருத்துவம், வழிப்போக்கருக்கு இடம் என்று ஏழு அறச்செயல்கள். தெருவில் நின்றபடியே பார்க்கலாம், டிக்கெட் இல்லை, படி இல்லை. பையனிடம் இன்னொன்று சொல்லுங்கள்: இத்தாலியின் சிவப்பு அதிவேக ரயில்களையும் நீங்கள் ஏறிப்போகும் இரண்டடுக்கு வட்டார ரயில்களில் பலவற்றையும் செய்யும் தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருக்கிறது.

ஊர்சுற்றிப் பாவை

கடைசியாக இரண்டு. நிலையத்தின் பலகையில் என் ஊரின் பெயரைத் தேட வேண்டுமா? மாமியாரின் கேள்வி: ரயிலில் கழிப்பறை இருக்குமா?

மிலானோவாசி

பலகையில் ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் பெரிதாக இருக்கும். அரெட்சோ ரயிலில் ரோமா என்றோ கியூசி என்றோ ஃபொலீஞ்ஞோ என்றோ போட்டிருக்கலாம். லூக்கா ரயிலில் வியரெஜ்ஜோ, பீசா ரயிலில் லிவோர்னோ. அதனால் டிக்கெட்டிலோ செயலியிலோ இருக்கும் ரயில் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெயரைத் தேடாதீர்கள். நடைமேடை எண் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் வரும், சில சமயம் கடைசி நேரத்தில் மாறும். மாமியாரோடு போவதால் எண் வந்தவுடனே நடக்கத் தொடங்குங்கள். சில வட்டார ரயில்கள் சாந்தா மரியா நொவெல்லாவுக்கு வராமல் ரிஃப்ரேதி அல்லது கம்போ தி மார்த்தே நிலையத்தோடு போய்விடும். வாங்கும்போது கிளம்பும் நிலையத்தையும் பாருங்கள்.

கழிப்பறை வட்டார ரயில்களில் உண்டு, ஆனால் எல்லாப் பெட்டியிலும் இல்லை, சில நாள் பூட்டியும் இருக்கும். பெரிய நிலையங்களில் காசு போட்டுத்தான் நுழைய வேண்டும். சில்லறை நாணயங்களை மாமியாரிடமே கொடுத்து வையுங்கள்.

பச்சைமிளகாய்

காப்பிக் கடையில் நின்றுகொண்டே ஒரு காப்பி குடித்தால் அங்கேயே போகலாம். சில்லறையும் மிச்சம், காப்பியும் ஆயிற்று.